கொலையாளி பெயரைக் கத்திய பிறகு: வடசென்னை மொட்டைமாடித் திரையிடல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தண்டையார்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் இடையே உள்ள ஒரு குடியிருப்பில் சில இளைஞர்கள் சேர்ந்து மாலைநேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்துகிறார்கள். கீழே ஒரு கூடம், மேலே மொட்டைமாடி. வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் படம் போடுவார்கள். டிக்கெட் கிடையாது, உட்கார வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்தால் போதும்.

பொறுப்பில் இருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் அவர் டீச்சரக்கா. புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்பவர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கு எழுதும் தம்பி. எந்தப் படம் போடலாம் என்று தேடிச் சொல்பவர் விஸ்காம் படிக்கும் மாணவி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் உண்டு. அவர் குழுவில் இல்லை. ஆனால் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், எல்லாவற்றுக்கும் கருத்து சொல்வார். நானும் குழுவில் இல்லை. இங்கே சொல்லப்போகும் திரையிடல்களைப் பாயில் உட்கார்ந்து பார்த்தவன். நடுவில் நடந்த கூட்டத்திலும் உட்கார விட்டார்கள்.

இந்தப் பக்கத்துக்குப் படம் பார்க்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1931 அக்டோபர் 31 அன்று தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' திரைக்கு வந்தது மிண்ட் பக்கம் இருந்த கினிமா சென்ட்ரலில். பிற்காலத்தில் அதுதான் முருகன் டாக்கீஸ். தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு அகஸ்தியா தியேட்டர் என்றால் தனிப் பாசம். அதையும் 2020இல் மூடிவிட்டார்கள். இப்போது குடும்பத்தோடு படத்துக்குப் போவதென்றால் ஆட்டோ, டிக்கெட், பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஒரு வாரச் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழுகிறது. மாடித் திரையிடல் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

தொடங்கிய புதிதில் நல்ல கூட்டம். பிறகு குறைந்தது. போட்டதெல்லாம் புதுப் படங்கள். அவற்றை எல்லாரும் ஏற்கெனவே போனில் பார்த்துவிட்டிருந்தார்கள். மாடிக்கு வந்தவர்களும் திரைக்கு ஒரு கண், போனுக்கு ஒரு கண் என்றுதான் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாகப் போட்ட ஒரு திரில்லருக்குப் பத்துப் பேர்கூட முடிவுவரை இருக்கவில்லை. அப்போதுதான் மாணவி 'அந்த நாள்' படத்தைச் சொன்னார்.

## ஏன் அந்தப் படம்

1954 ஏப்ரல் 13 அன்று வெளியான படம். ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பாலசந்தர் இயக்கம். வீணை பாலசந்தர் என்று நாம் சொல்கிறோமே, அவரேதான். அத்தனை பெரிய இசைக்காரர் எடுத்த இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பத்துப் பதினைந்து பாட்டு இருந்தால்தான் படம் என்று இருந்த காலத்தில் இப்படி எடுக்க ஏவி.மெய்யப்பச் செட்டியார் பணம் போட்டார். முதலில் வேறொருவரை நாயகனாக வைத்துக் கணிசமான பகுதியை எடுத்தார்கள். செட்டியாருக்குத் திருப்தி இல்லாமல் போக, சிவாஜி கணேசனை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகாத சமயம் அது. அதில் ஜோடியாக நடித்த பண்டரிபாய்தான் இதிலும் மனைவி.

கதையை முழுதும் சொல்லப்போவதில்லை. சென்னைமீது ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943 அக்டோபர் நாட்கள். ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறான். நாயகன் படம் தொடங்கும்போதே செத்துவிடுகிறான் என்பதுதான் விஷயம். சி.ஐ.டி. அதிகாரி வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பிலிருந்த ஒரு பெண், ராஜனின் மனைவி. ஆளுக்கு ஒரு கதை, ஆளுக்கு ஒரு சந்தேகம். அந்த சி.ஐ.டி.யாக நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்தின் திரைக்கதை வசனமும்.

இந்த அமைப்புக்குத் தூண்டுதல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' (1950) என்பது பலருக்கும் தெரியும். மாணவி கூட்டத்தில் எடுத்துச் சொன்ன வித்தியாசம் எனக்குப் பிடித்தது. அதில் ஒரே நிகழ்ச்சியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள், எது உண்மை என்று கடைசிவரை தெரிவதில்லை. இதில் உண்மை தெரிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ‘கொன்றது யார்’ என்ற கேள்வி மெதுவாக நகர்ந்து ‘செத்தவன் யார்’ என்ற கேள்வியாகிவிடுகிறது. ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜன் வேறு ஆளாகத் தெரிகிறான். சிவாஜி ஒரே படத்தில் நாலைந்து பேராக நடித்திருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம், வேஷம் ஒன்றுதான்.

கூட்டத்தில் எதிர்ப்பும் வந்தது. கறுப்பு வெள்ளை, பாட்டு இல்லை, எழுபது வருடப் பழசு, யார் உட்காருவார்கள்? புரொஜெக்டர் தம்பி, ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக்கின் கொலைப் படமான 'சைக்கோ'வைப் போடலாம் என்றார். மாடியில் ஆறு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள், இங்கிலீஷ் வேறு, வேண்டாம் என்று டீச்சரக்கா மறுத்தார். பெரியவர் 'அந்த நாள்' பக்கம் நின்றார். “அதுல குண்டு போட்டது நம்ம ஹார்பருக்குத்தான்பா” என்றார். அது சரிதான். 1943 அக்டோபர் 11 இரவு ஒற்றை விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது இந்த மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் துறைமுகத்தில்தான்.

ஒரு நடைமுறைக் காரணமும் சேர்ந்துகொண்டது. நம் சட்டப்படி திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டுகள். 1954 படத்துக்கு அது 2014 முடிவோடு தீர்ந்துவிட்டது. யாரிடமும் அனுமதிக்கு அலைய வேண்டாம்.

## முதல் திரையிடல்

ஆடி மாத ஞாயிறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு ஞாயிறு கிடைக்கவில்லை. ஏழு மணிக்கு ஆரம்பம் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். ஏழுக்கு வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்திருந்தார்கள், ஒலிபெருக்கி முடிக்கவில்லை.

திரையாகக் கட்டியது பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்க வெள்ளை. இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் மாடிச் சுவரை ஒட்டியிருந்த கம்பத்தின் எல்.இ.டி. விளக்கு அந்த ஃப்ளெக்ஸின் பின்னாலிருந்து அடித்தது. விளைவு, மாருதிராவ் ஒளிப்பதிவு செய்த இருட்டான அறைக்குள், சிவாஜி முகத்துக்குக் குறுக்கே, முன்பக்கத்துக் காதணி விழாக் குழந்தையின் முகம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

படத்தில் யாராவது கதவருகே நிழலில் நின்றால் நமக்குத் தெரிய வேண்டும். நிற்பது யார் என்றுதான் தெரியக் கூடாது. அன்றைக்கு நிழல் எது, சுவர் எது என்றே தெரியவில்லை.

சத்தம் இன்னும் மோசம். கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற டவர் ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குத்துப்பாட்டுக்கு வைத்த அதே பேஸில் அது ஓடிக்கொண்டிருந்தது. பழைய மோனோ ஒலியில் பேச்சு வந்தபோது எல்லா ஆண்களும் குடத்துக்குள்ளிருந்து பேசினார்கள். முழுக்க முழுக்கப் பேச்சிலேயே நகரும் படம் இது. யார் யாரைச் சொல்கிறார் என்பது காதில் விழாவிட்டால் வேறு பிடிமானம் கிடையாது.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஏழரைக்கு வந்தவர்கள், எட்டுக்கு வந்தவர்கள். வந்த ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்டது ஒன்றுதான்: “சிவாஜி எங்க?” அவர் செத்துவிட்டார் என்று பதில் வந்தது. ஆனால் திரையில் அவர் நடந்துகொண்டிருந்தார். ஒரு அம்மா, “செத்தவன் எப்படிடி வர்றான், பேயா?” என்று மகளைக் கேட்டார். மகள் விளக்கினாள். அதற்குள் அடுத்த வாக்குமூலம் போய்விட்டது.

பாதியில் டீ கொடுத்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. ஏற்கெனவே படம் பார்த்திருந்த பெரியவரிடம் ஒரு பையன், “தாத்தா, யாரு செஞ்சது?” என்று கேட்டான். பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம்; மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மாடி முழுக்கக் கேட்கும்படி பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படிப்பவர்களில் படம் பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

டீ குடித்தவர்களில் பாதிக்கு மேல் அப்படியே பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

## அதற்கடுத்த கூட்டம்

கீழே கூடத்தில் உட்கார்ந்தார்கள். முதல் அரைமணி நேரம் பெரியவரைக் குற்றம் சொல்வதில் போனது. அவரும் விடவில்லை: “நான் சொல்லலன்னா மட்டும் இருந்திருப்பாங்களா?” என்றார். கோபத்தில் கேட்டதுதான், ஆனால் அன்றைக்கு யாரும் கேட்காத நல்ல கேள்வி. டீச்சரக்கா அதைப் பிடித்துக்கொண்டார். இறங்கிப் போனவர்கள் பெயர் தெரிந்ததால் போனார்களா, அதற்கு முன்பே போக நினைத்திருந்தார்களா?

மறுநாள் மாணவி துணி தைக்கும் பெண்களிடமும் மீன் விற்கும் அக்காக்களிடமும் போய்க் கேட்டுவந்தார். பெரும்பாலோர் சொன்னது: “பேசறது புரியல”, “யாரு யாருன்னே தெரியல.” பெயர் தெரிந்துவிட்டதால் போனேன் என்றவர்கள் பள்ளிப் பையன்கள் மட்டும். இந்தத் தகவல்தான் மொத்த முடிவையும் மாற்றியது என்பது என் கணிப்பு. ரகசியம் உடைந்ததால் படம் விழவில்லை. அதற்கு முன்பே விழுந்து கிடந்தது. பெரியவர் சத்தம் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவோடு நடத்திய நீண்ட உரையாடலில் சொன்ன குண்டு உதாரணத்தை மாணவி அந்தக் கூட்டத்தில் எடுத்துப் போட்டார். இரண்டு பேர் மேஜையருகே சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேஜைக்கடியில் குண்டு இருப்பது நமக்கும் தெரியாது, திடீரென்று வெடிக்கிறது. கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்பே தெரிந்திருந்தால் அதே சப்பைப் பேச்சு பதினைந்து நிமிடம் நம்மை உலுக்கும். ஆக, பார்ப்பவருக்குத் தெரியாமல் வைத்தால் மட்டும் போதாது. எதைத் தெரியவைக்கிறோம், அதை எப்போது தெரியவைக்கிறோம் என்பதில்தான் பிடி இருக்கிறது.

தம்பி தன் 'சைக்கோ'வை விடவில்லை. ஆனால் இந்த முறை உருப்படியாக வந்தார். 1960இல் அந்தப் படம் வந்தபோது, தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கட்டளை போட்டார். அமெரிக்காவில் அதுவரை ஜனங்கள் எந்த நேரமும் உள்ளே போவார்கள், காட்சி திரும்ப ஓடும், தாங்கள் வந்த இடம் வந்ததும் எழுந்து போவார்கள். ஆனால் அந்தப் படத்தின் நட்சத்திரமான ஜேனட் லீ பாதிக்கு முன்பே கொல்லப்படுகிறார். தாமதமாக வருபவர் அவர் வருவார் வருவார் என்று காத்திருந்து ஏமாறுவார். நம் மாடியில் “சிவாஜி எங்க?” என்று கேட்டார்களே, அதேதான்.

நல்ல ஒலி எவ்வளவு முக்கியம் என்பதற்கும் அதே படம்தான் உதாரணம். குளியலறைக் கொலை திரையில் முக்கால் நிமிடம்; எடுக்க ஒரு வாரம். அதற்கு இசையே வேண்டாம் என்று நினைத்திருந்தார் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்திக் கருவிகளை வைத்துப் போட்டுக் காட்டிய பிறகு மனம் மாறினார். அந்தக் கீச்சொலி இல்லாமல் இன்று அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கவே முடியாது.

## எடுத்த முடிவுகள்

அதே படத்தையே மறுபடி போடுவது என்று தீர்மானித்தார்கள். வேறு படம் போட்டால் முதல் முறை ஏன் விழுந்தது என்று தெரியாமலே போகும் என்றார் டீச்சரக்கா. பெயர் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே என்று கேட்டதற்கு, தெரிந்தவர்கள் வருகிறார்களா என்றும் பார்த்துவிடுவோம் என்றார். எல்லாருக்கும் இதில் சம்மதம் இல்லை. தம்பி கடைசிவரை தலையாட்டவே இல்லை.

ஆடி முடியட்டும் என்று ஆவணிக்குத் தள்ளினார்கள். ஆரம்பம் ஏழரை. திரையைக் கம்பத்துக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றி, ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் போர்வை கட்டினார்கள்.

ஒலிக்குப் பக்கத்துத் தெரு மைக்செட் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து ஐந்து நிமிடம் கேட்டார். “இதுக்கு எதுக்கு டவர்? பேஸ் ஏத்தினா வசனம் எப்படி கேக்கும்?” என்று பேஸை முழுசாக இறக்கினார். பெரிய பெட்டியை ஓரங்கட்டிவிட்டு, பள்ளி ஆண்டுவிழாவில் பேச்சுக்கு வைக்கும் இரண்டு சின்னப் பெட்டிகளை, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு, கூட்டத்தின் இரண்டு பக்கமும் ஸ்டூலில் வைத்தார். சத்தத்தைக் கூட்டவே இல்லை. பண்டரிபாய் மூச்சு வாங்குவது கேட்டது. மொத்தச் செலவு முந்தைய வாடகையைவிடக் குறைவு. இந்த ஆய்விலிருந்து ஒரே ஒரு விஷயத்தை யாராவது எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

படம் தொடங்கியதும் மாடிக் கதவைச் சாத்துவது, இடைவேளை விடாமல் ஓட்டுவது, டீயை முன்பே கொடுத்துவிடுவது என்றும் முடிவானது. கடைசி வாக்குமூலத்துக்கு முன்னால் படத்தை நிறுத்தி, ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, கொன்றது யார் என்று எழுதி வாங்கலாம் என்பது மாணவியின் யோசனை. பெயர் தெரிந்தவர்கள் எழுதக் கூடாது. பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. “தீர்ப்பு படிக்கற நேரத்துல ஜட்ஜு டீ குடிக்க எழுந்து போன மாதிரி இருக்கும்மா” என்றார். மீறி முடிவெடுத்தார்கள். பெரியவருக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள்: படம் தொடங்கும் முன் குண்டு போட்ட காலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இவரைப் பேச வைத்துவிட்டால் நடுவில் பேச மாட்டார் என்பது டீச்சரக்காவின் கணக்கு என்று நினைக்கிறேன்.

## இரண்டாம் திரையிடல்

பெரியவர் ஐந்து நிமிடத்தில் முடிக்கவில்லை. ஆனால் நன்றாகப் பேசினார். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று ஊரே காலியானதை அவர் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறார். சாமான்களைக் கட்டிக்கொண்டு ரயிலுக்கு நின்ற கதை, பூட்டிய வீடுகளுக்கு ஒற்றை ஆள் காவல் இருந்த கதை. நடுவில் ஒரு பாட்டி, “அது எம்டன் போட்ட குண்டு இல்ல?” என்று கேட்டார். இல்லை, எம்டன் அதற்கும் முந்திய யுத்தத்தில், 1914 செப்டம்பர் 22இல் வந்த ஜெர்மன் கப்பல், அது சுட்டதில் துறைமுகத்து எண்ணெய் டாங்குகள் எரிந்தன என்று பெரியவர் திருத்தினார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். கூட்டம் ரசித்தது. படத்துக்குள் ரேடியோ, குண்டு, உளவு என்று பேச்சு வந்தபோது யாரும் “இன்னா சொல்றாங்க?” என்று கேட்கவில்லை.

கதவு சாத்தினார்கள். விளக்கு அணைந்தது. சிவாஜி சுடப்பட்டு விழுந்ததும் மாடி அமைதியானது. சிவாஜியா செத்தது என்ற திகைப்புத்தான் அது. பராசக்தி வசனத்துக்குக் கை தட்டிய தலைமுறைக்கு 1954இல் இது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. அன்றைக்குப் பத்திரிகைகள் பாராட்டின, கூட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்டு எங்கே என்று கொட்டகையில் சத்தம் போட்டவர்கள் உண்டு. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் படத்துக்கு மரியாதை கூடியது.

நான் முதல் முறை கவனிக்காத சிலவற்றை அன்று பார்த்தேன். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் சொல்பவர் தன்னை எங்கே நிற்கவைத்துக்கொள்கிறார் என்பது ஒன்று. கேட்கும் அதிகாரியும் அவசரப்படுவதில்லை. நாமும் அவரோடு சேர்ந்து விசாரிக்கத் தொடங்குகிறோம். ஒருவர் கதை முடியும்போது அவர் கை காட்டும் ஆளை நம்பிவிடுகிறோம். அடுத்தவர் வாயைத் திறந்ததும் வெட்கமில்லாமல் மாறிவிடுகிறோம். பாட்டும் சண்டையும் இல்லாததால் இந்த வேலையிலிருந்து தப்பிக்க இடமே இல்லை. ஒரு பாட்டு வந்திருந்தால் எல்லாரும் கால் நீட்டியிருப்பார்கள்.

முன்வரிசையில் மீன் விற்கும் அக்கா ஒருவர், ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பிறகு பக்கத்திலிருந்தவரிடம் “பொய்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் ‘பொய்’தான்.

போன் வெளிச்சம் அங்கங்கே தெரிந்தது, முன்போல இல்லை.

## சீட்டு

கடைசி வாக்குமூலத்துக்கு முன் தம்பி படத்தை நிறுத்தினார், விளக்கைப் போட்டார்கள், சீட்டும் பென்சிலும் சுற்றின. பெரும்பாலான சீட்டுகளில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் பெயர். “வந்து சொன்னவனே செஞ்சிருப்பான்” என்று ஒரு பையன் காரணமும் எழுதியிருந்தான். அடுத்தபடியாக ராஜனின் தம்பி, சொத்துத் தகராறு என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மற்ற பெயர்களுக்கும் சில சீட்டுகள் விழுந்தன.

மீன் விற்கும் அக்கா தன் மகளை எழுதச் சொல்லியிருந்தார். அந்தச் சீட்டில் எந்தப் பெயரும் இல்லை. “எனக்கு செத்தவன் மேலதான் சந்தேகம்” என்று இருந்தது. டீச்சரக்கா அதைப் படித்தபோது சிலர் சிரித்தார்கள். படம் முடிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் நிறுத்தியதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. விளக்கு போட்டதும் சின்னப் பிள்ளைகள் கீழே ஓடினார்கள். கொசு ஞாபகத்துக்கு வந்தது. யார் யாருக்கு எழுதினார்கள் என்ற சண்டை அடங்க நேரம் பிடித்தது. கடைசி வாக்குமூலம் நீளமானது, பழைய நாட்களுக்குப் போய் நிதானமாகத் தொடங்குவது. இடைவெளி விட்டு வந்ததால் வேறு படம் ஆரம்பித்ததுபோல இருந்தது. திரும்ப உள்ளே இழுக்கப் படத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் தெரிந்தவர்கள் விஷயம் இதைவிட எதிர்பாராதது. முதல் முறை பெயரைக் கேட்டவர்களில் பலர் வந்திருந்தார்கள். பாதியில் எழுந்து போனதாக நான் பார்த்தது ஒருவரைத்தான். பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண் பிறகு சொன்னது: “யாருன்னு தெரியும். ஏன்னு தெரியாதே. அந்த மூஞ்சிய பாத்துக்கிட்டே இருந்தேன், எங்க காட்டிக்கொடுக்குதுன்னு.” மேஜைக்கடியில் குண்டு இருப்பது தெரிந்தே அவர் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிப் பையன்கள் மட்டும் பெரும்பாலும் வரவில்லை. அவர்களுக்குப் பெயர் தெரிந்தால் கதை முடிந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

## பிறகு நடந்தது

மறுநாள் புகார் ஒன்று வந்தது, நியாயமான புகார். ஏற்றுமதித் துணி கம்பெனியில் வேலை முடிந்து வரும் பெண்கள் நால்வர் எட்டு மணிக்கு மாடிக்கு வந்திருக்கிறார்கள். கதவு சாத்தியிருந்தது. தட்டியிருக்கிறார்கள், திறக்கவில்லை. “எங்களுக்காகத்தானே படம் போடறீங்க, எங்களையே வெளில நிக்க வெச்சா எப்படிக்கா?” என்று டீச்சரக்காவிடம் கேட்டார்கள். ஹிட்ச்காக்கின் கட்டளை டிக்கெட் எடுத்து, காட்சி நேரம் பார்த்து வரும் கூட்டத்துக்கு. பஸ் கிடைத்தால் வருகிற ஆட்களுக்கு அது பொருந்துமா என்று முடிவெடுக்கும்போது யாரும் யோசிக்கவில்லை. டீச்சரக்கா நால்வரையும் மையத்துக்குக் கூப்பிட்டு லேப்டாப்பில் படத்தைப் போட்டுக் காட்டினார். நன்றாக இருந்தது என்றார்களாம். கோபம் முழுசாகத் தீரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாதக் கூட்டம் ஓரளவு திரும்பியிருக்கிறது. அது இந்தப் படத்தாலா, மழை இல்லாததாலா, மைக்செட் அண்ணனாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் பந்தயம் கட்டுவதானால் மைக்செட் அண்ணன்மேல் கட்டுவேன். பேச்சு காதில் விழுந்தால் மாடியில் உட்கார ஆட்கள் இருக்கிறார்கள்.

## அடுத்த முறை மாற்றுவது

குழு எழுதிவைத்தவற்றில் முக்கியமானவை இவை. சீட்டு இனி கடைசிக்கு முன்னால் கிடையாது. இரண்டாவது வாக்குமூலம் முடிந்த கையோடு, விளக்குப் போடாமல், முன்பே கொடுத்துவைத்த சீட்டில் எழுதி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், படம் முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். பழைய படம் எதுவானாலும் அது நடக்கும் காலத்தைப் பற்றி அந்தத் தெருக்காரர் ஒருவர் முதலில் பேச வேண்டும், பத்து நிமிடம் என்றே ஒதுக்கிவிடுவது நல்லது. ஒலியை முந்தின நாளே, அதே இடத்தில், அதே படத்தை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும்.

கதவு விஷயத்தில் மட்டும் உடன்பாடு வரவில்லை. எட்டேகாலுக்குத் தொடங்கலாம் என்றால் மறுநாள் பள்ளிக்கூடம் என்கிறார்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கதவைத் திறந்தே வைத்தால் பழைய கதைதான் என்கிறார் தம்பி. முதல் காட்சியை மட்டும் தாமதமாக வருபவர்களுக்கு மாடிப்படியில் வைத்தே போனில் காட்டி, கதையைச் சொல்லி உள்ளே விடலாம் என்று மாணவி சொல்லியிருக்கிறார். அந்த வேலைக்குப் பெரியவர் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். குழு இன்னும் பதில் சொல்லவில்லை.